லேம்ப் பெட்டியின் மேல் மூன்று பொட்டு

சிதம்பரம்
ஆனித் திருமஞ்சனம் முடிந்த மறுநாள்

அன்பு மகன் இளவரசுக்கு அம்மா எழுதிக்கொள்வது. மஸ்கட்டில் நீ உடம்புக்கு ஒன்றும் இல்லாமல், வேளைக்குச் சாப்பிட்டு, நேரத்துக்குத் தூங்கி நல்லபடியாக இருக்க வேண்டும் என்று நடராஜரையும் நம் கொளஞ்சியப்பரையும் வேண்டிக்கொண்டு எழுதுகிறேன். இங்கே நாங்களும் நலம் என்று அடுத்த வரி எழுத வேண்டும், அதுதான் முறை, ஆனால் எழுதினால் பொய்யாகிவிடும் என்பதால் அந்த வரியை விட்டுவிட்டேன். தினமும் போனில் முகம் பார்த்துப் பேசுகிறவளுக்கு இப்போது என்ன கடிதம் என்று நினைப்பாய். இது போனில் பேச முடியாத விஷயம். நீ கூப்பிடும்போதெல்லாம் பக்கத்தில் அப்பா படுத்திருக்கிறார், இல்லையென்றால் உன் மாமா ராஜவேல் உட்கார்ந்திருக்கிறான். வாட்ஸப்பில் எழுதலாம் என்றால் என் போனை எடுத்து அப்பாவுக்குச் செய்தி படித்துக் காட்டுவதே அவன்தான். நம் தெரு பிரிசில்லா டீச்சர் மகள் ஜான்சி லீவு முடிந்து மஸ்கட் ஆஸ்பத்திரி வேலைக்குத் திரும்புகிறாள், அவள் கையில் கொடுத்து அனுப்புகிறேன். ரூமில் மற்ற பிள்ளைகள் இல்லாத நேரமாகப் பார்த்துப் படி. படித்த சூட்டோடு போனை எடுக்காதே.

முதலில் அப்பாவைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன், அதிலும் உன்னிடம் மறைத்திருக்கிறோம். போன வாரம் புதுச்சேரி ஆஸ்பத்திரியில் கண் கட்டைப் பிரித்தபோது, இன்னும் கொஞ்ச நாள் பார்க்கலாம் என்று டாக்டர் சொன்னதாக உன்னிடம் சொன்னோம். டாக்டர் அப்படிச் சொல்லவில்லையப்பா. வலது கண்ணில் பார்வை போனது போனதுதான், இடது கண்ணைப் பத்திரமாகப் பார்த்துக்கொள்ளுங்கள் என்றுதான் சொன்னார். உன் அப்பா தலையை ஆட்டிக் கேட்டுக்கொண்டு, சரிங்க சார், கேமராவுல வச்சிப் பாக்குறது இந்தக் கண்ணுதான், இனிமே அந்தக் கண்ணப் பழக்கணும் என்றார், ஏதோ புதுச் செருப்பைப் பழக்கப் போகிற மாதிரி. வீட்டுக்கு வந்த பிறகு டீ டம்ளரை எடுக்கக் கை நீட்டினால் கை டம்ளருக்கு இந்தப் பக்கமே மூடிக்கொள்கிறது. வாசல் படி இறங்கும்போது காலால் தடவித் தடவி இறங்குகிறார். அவர் அதற்குச் சிரிக்கிறார். நான் சமையல்கட்டில் குழாயைத் திறந்துவிட்டு அழுகிறேன். இனிமேல் கல்யாண வீட்டில் வீடியோ எடுக்க யார் இவரைக் கூப்பிடுவார்கள் என்று நினைத்தால் சோறு இறங்கவில்லை.

நீ ஒவ்வொரு நாளும் போனில் அதையே சொல்கிறாய், நான் ஆர்டர் போட்ட லேம்ப்புதானம்மா அப்பா கண்ணத் தின்னுடுச்சி என்று. நீ சரியாகச் சாப்பிடுவதில்லை என்று உன் ரூம் பையன் ஜான்சியிடம் சொல்லியிருக்கிறான். தீபாவளிக்கு வரமாட்டேன், எந்த முகத்தோடு வருவது என்று அன்றைக்குக் கேட்டாயே, அந்தச் சொல்லைக் கேட்ட பிறகுதான் இதை உனக்கு எழுதியே ஆக வேண்டும் என்று முடிவு செய்தேன். நீ தப்புச் செய்யவில்லை. ஒரு துளி கூட உன் மேல் தப்பு இல்லை. இதை நான் உன்னைத் தேற்றுவதற்காகச் சொல்லவில்லை, தெரிந்து சொல்கிறேன். எப்படித் தெரியும் என்பதை ஒழுங்காக முதலில் இருந்து சொல்கிறேன், உனக்குத் தெரிந்ததும் அதில் வரும், பொறுத்துக்கொள்.

நம்மிடம் ஒரே மாடலில் இரண்டு புரொஜக்டர் இருக்கின்றன அல்லவா. ஒன்றுக்குத் தை மாதம் லேம்ப் போய், நாம் முன்பே வாங்கி வைத்திருந்த ஸ்பேர் லேம்ப்பை உன் மாமா வந்து மாட்டிக் கொடுத்துவிட்டுப் போனான். வைகாசியில் மற்றொன்றும் மங்கிவிட்டது. திரையில் மணப்பெண்ணுக்கு மஞ்சள் காமாலை வந்த மாதிரி தெரிகிறது என்று ஒரு கல்யாண வீட்டில் முகத்தில் அடித்தாற்போல் சொல்லிவிட்டார்கள். சென்னைக் கடையில் கேட்டால் அந்த மாடலுக்கு இப்போது லேம்ப் வருவதில்லை என்றார்கள். மச்சான்கிட்ட கேட்டா எங்கயாவது தேடிக் குடுப்பான், ஆனா காசு வாங்க மாட்டான், அவன் தலையில ஏன் சுமைய ஏத்தணும், இளவரசு ஆன்லைன்ல பாக்கட்டும் என்று அப்பாதான் உன்னிடம் சொன்னார். நீயும் கண்ணில் பட்டதை வாங்கவில்லை. விலை கம்மியாக இருக்கிறதை நம்பக் கூடாது, வெளிக்கூடு மட்டும் ஒரிஜினலாக இருக்கும், உள்ளே பல்ப் டூப்ளிகேட்டாக இருக்கும் என்று எனக்கே பாடம் எடுத்தாய். விற்கிறவனுக்கு மற்றவர்கள் என்ன மார்க் போட்டிருக்கிறார்கள், வாரண்டி உண்டா என்றெல்லாம் பார்த்துத்தான் போட்டாய். பெட்டி வந்ததும் சீரியல் நம்பரைக் கம்பெனி வெப்சைட்டில் போட்டுச் சரிபார்த்துவிட்டுத்தான் மாட்ட வேண்டும் என்று அப்பாவிடம் கண்டிப்பாகச் சொன்னாய். பார்த்துவிட்டேன், சரியாக இருக்கிறது என்று அவரும் உனக்குப் பதில் சொன்னார். இதை ஞாபகம் வைத்துக்கொள், பிறகு வருகிறேன்.

பெட்டி வந்த அன்று நான் வாசலில் மீன் ஆய்ந்துகொண்டிருந்தேன். அப்பா பெட்டியைப் பிரித்துத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, இதப் பாத்தியா கொளஞ்சி, கம்பெனிக்காரனும் பூசை போட்டுத்தான் அனுப்புறான் என்றார். கை முழுக்கச் செதில், நான் நிமிர்ந்து பார்க்கவில்லை. உங்களுக்கு எல்லாம் விளையாட்டு என்றேன். அவ்வளவுதான் நடந்தது. அந்த வார முகூர்த்தத்துக்கே மாட்டிவிட்டார். தெற்கு வீதிக்குப் பின்னால் இருக்கிற மண்டபம், தாலி கட்டுகிற நேரம், சாப்பாட்டுக் கூடத்துத் திரையில் படம் விட்டு விட்டு வந்திருக்கிறது, உள்ளே விசில் அடிப்பது போலச் சத்தம். பந்தியில் இருந்தவர்கள் கத்த, இவருக்குப் பதற்றம், ஆற வைக்காமல் மூடியைத் திறந்து முகத்தைக் கிட்டே கொண்டுபோயிருக்கிறார். வெடித்துவிட்டது. கெட்டிமேளச் சத்தத்தில் இவர் கத்தியது முதலில் யாருக்கும் கேட்கவில்லையாம்.

அதற்குப் பிறகு நீ என்னிடம் ஒன்று கேட்டாய். அந்தப் பெட்டியை நான்கு பக்கமும் போட்டோ எடுத்து அனுப்பம்மா, கம்பெனி மேலயும் வித்தவன் மேலயும் கேஸ் போடறேன், சைபர் கிரைம் வரைக்கும் போறேன் என்று. நான் அனுப்பவே இல்லை. போன் சரியில்லை, வெளிச்சம் இல்லை, பெட்டியைக் காணோம் என்று ஒவ்வொரு நாளும் ஒரு சாக்கு. நீ எரிந்து விழுந்தாய், எனக்குப் போட்டோ எடுக்கக் கூடத் தெரியவில்லை என்றாய். திட்டு, பரவாயில்லை. நீ கேட்ட அன்றைக்கே பெட்டியை எடுத்து ஜன்னலோரம் வைத்தேன். அப்போதுதான் மூடியைப் பார்த்தேன். யாரோ துடைத்திருக்கிறார்கள், ஆனால் சந்தனம் அட்டையில் ஊறிவிட்டால் லேசில் போகாது. சந்தனத் தடம், அதன் மேல் மங்கிய குங்குமம். மேலே ஒன்று, கீழே இரண்டு, அடுப்புக் கல் வைத்த மாதிரி மூன்று பொட்டு. இந்தத் தெருவில் யாரும் அப்படி வைக்க மாட்டார்கள், எல்லோரும் ஒற்றைப் பொட்டுதான். மங்கலம்பேட்டையில் என் அம்மா வீட்டில்தான் ஆயுத பூசைக்கு அப்படி வைப்போம், நானும் இங்கே அப்படித்தான் வைக்கிறேன், கேமரா, லைட், ஸ்டாண்டு, ஸ்பேர் லேம்ப் பெட்டி ஒன்றையும் விட மாட்டேன். அது போன ஆயுத பூசைக்கு நான் வைத்த பொட்டு. அது நம் வீட்டுப் பெட்டி. நம் வீட்டிலிருந்து போன பெட்டியே நம் வீட்டுக்குத் திரும்பி வந்திருக்கிறது.

அது எங்கே போயிருந்தது என்று உனக்குத் தெரியும். லேம்ப் மாட்டிக் கொடுக்கும்போதெல்லாம் பழைய லேம்ப்பையும் காலிப் பெட்டியையும் உன் மாமாதான் எடுத்துப் போவான், வீட்டுல வச்சா எலிதான் குடித்தனம் பண்ணும் குடுக்கா என்பான். இருந்தாலும் நான் என் தம்பியைச் சந்தேகப்படவில்லை, பழைய பேப்பர்காரனுக்குப் போட்டிருப்பான், அவன் எவனுக்கோ விற்றிருப்பான் என்றுதான் மனசைப் பிடித்து நிறுத்தி வைத்தேன். புதுச்சேரியில் கட்டுப் பிரித்துத் திரும்பும்போது அப்பாவுக்குத் தலை சுற்றியது, கடலூரில் இறங்கி மஞ்சக்குப்பத்தில் மாமாவின் புரொஜக்டர் ரிப்பேர் கடையில் உட்கார வைத்தோம். அவன் இளநீர் வாங்க ஓடினான். நான் முகம் கழுவப் பின்பக்கம் போனேன். அங்கே அவன் பெண்டாட்டி, உன் அத்தை சந்திரலேகா கண்ணாடி போட்டுக்கொண்டு உட்கார்ந்து பஞ்சில் ஸ்பிரிட் நனைத்துப் பழைய பெட்டிகளைத் துடைத்துக்கொண்டிருந்தாள், சுவர் ஓரம் அடுக்கடுக்காகப் பெட்டி. என்னைப் பார்த்ததும் ஒளிக்கக் கூட இல்லை, பெருமையாகச் சொல்கிறாள். ஆன்லைன் ஆர்டர் ஜாஸ்தியாயிடுச்சி அண்ணி, அவரு பழைய லேம்ப்போட கூட்டத் தொடைச்சி புது பல்ப் மாட்டிடுவாரு, பெட்டி ஒரிஜினலா இருந்தாதான் நல்ல ரேட்டு, நாங்க ஆன்லைன் கம்பெனி கோடவுன்ல கொண்டுபோயி அடுக்கிடுவோம், யாருக்குப் போவுதுன்னு நமக்குத் தெரியாது என்கிறாள். அவள் மடியில் இருந்த ஸ்டிக்கரில் ஆல்ஃபா லைட்ஸ் என்று இருந்தது. நீ ஆர்டர் போட்டபோது எனக்கு அனுப்பிய மெசேஜில் விற்கிறவன் பெயர் என்று இருந்ததே, அதே பெயர். அதற்குள் அவளே சொல்கிறாள், உங்கள மாதிரி கண்டவன்கிட்ட வாங்கினாதான் ஆபத்து அண்ணி, நம்மளுது வெடிக்காது என்று. முகம் கழுவாமலே திரும்பி வந்தேன். இளநீரைச் சீவி வைத்துக்கொண்டு என் தம்பி உன் அப்பா வாயில் ஸ்ட்ரா வைத்துக்கொண்டிருந்தான்.

அவனைத் திட்டலாம் என்றால் திட்டவும் வாய் வரவில்லை இளவரசு. கடலூரிலிருந்து தினம் பஸ் ஏறி வருகிறான். சாத்துக்குடி உரித்து விதை எடுத்துக் கொடுக்கிறான், கண்ணில் மருந்து விட என்னை விட மாட்டான், தானே விடுகிறான். அப்பா ஒப்புக்கொண்டிருந்த கல்யாணங்களுக்கெல்லாம் இவனே போய் நின்று செய்துவிட்டு வருகிறான், ஒரு வாய் காப்பி கூட வாங்கிக் குடிக்காமல். தான் விற்றதுதான் இங்கே வந்தது என்று அவனுக்கு இன்று வரைக்கும் தெரியாது. கட்டில் பக்கத்தில் உட்கார்ந்து, எந்தப் பாவி இத வித்தானோ அவன் கை விளங்காமப் போவட்டும், அவன் குடும்பம் நடுத்தெருவுல நிக்கட்டும் என்று மண்ணை வாரித் தூற்றுகிறான். நான் ஓடிப்போய் அவன் வாயைப் பொத்தினேன், சாபம் குடுக்காதடா, குடுக்காதடா என்று அழுதேன். பாத்தீங்களா மாமா, எங்க அக்காவுக்கு எவ்ளோ இளகின மனசு என்று உன் அப்பாவிடம் சொல்கிறான். தன் தலையில் தானே நெருப்பை அள்ளிப் போட்டுக்கொள்கிறான், அவன் கையைப் பிடித்து நிறுத்தவும் முடியவில்லை, ஏன் நிறுத்துகிறேன் என்று சொல்லவும் முடியவில்லை. நான் தூக்கி வளர்த்த பிள்ளை அவன்.

அப்பாவுக்கு மட்டும் இது தெரியக் கூடாது, மச்சான் மச்சான் என்று உயிரை விடுகிற மனுஷன், கண்ணோடு சேர்த்து அதுவும் போய்விடும் என்று பெட்டியைப் பரணில் பாத்திரத்துக்குப் பின்னால் ஒளித்து வைத்தேன். முந்தாநாள் மத்தியானம் மாமா மருந்துக் கடைக்குப் போயிருந்தான். அப்பா திடீரென்று, அந்தப் பெட்டிய எங்க வச்ச என்றார். குப்பையில் போட்டுவிட்டேன் என்றேன். குங்குமம் வச்ச பொருள நீ குப்பையில போட மாட்டியே கொளஞ்சி என்றார். அவர் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டு மெதுவாகச் சொன்னார், பெட்டி வந்த அன்னிக்கே பாத்தேன், உன் கைப்பொட்டு எனக்குத் தெரியாதா, மச்சான்தான் ஆன்லைன்ல விக்கிறான், நம்மகிட்ட சொல்ல வெக்கப்பட்டுக்கிட்டு இருக்கான் போலன்னு நெனச்சேன் என்றார். வெளியாளு குடுத்ததா இருந்தா இளவரசு சொன்ன மாதிரி நம்பரெல்லாம் போட்டுப் பாத்திருப்பேன், மச்சான் கை பட்டதுன்னு தெரிஞ்சதும் எனக்குப் பாக்கத் தோணல, பாத்துட்டேன்னு புள்ளைக்குப் பொய் சொல்லிட்டேன் என்றார்.

இப்போது புரிகிறதா. அவர் ஏமாந்து மாட்டவில்லை, நம்பி மாட்டினார். நீ சொன்னதை அவர் செய்திருந்தால், இது ஏற்கெனவே விற்றுப் பதிந்த பழைய நம்பர் என்று அன்றைக்கே குட்டு வெளிப்பட்டிருக்கும். நீ அங்கே உட்கார்ந்து உன்னை நீயே அடித்துக்கொள்கிறாயே, அதற்கு ஒரு காரணமும் இல்லை. எனக்குத் தெரியக் கூடாது என்று அவர் மறைத்திருக்கிறார், அவருக்குத் தெரியக் கூடாது என்று நான் மறைத்திருக்கிறேன், நடுவில் என் தம்பி உட்கார்ந்து சாத்துக்குடி உரித்துக்கொண்டிருக்கிறான். பெட்டிய எரிச்சிடு, புள்ளைகிட்ட போட்டோ கீட்டோ அனுப்பாத என்றார் அப்பா. ஒரு கண்ணு போச்சி, மச்சானும் போவணுமா என்றார். நான் அவர் காலைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டேன். அவர் சொல்வதுதான் சரி, எரித்துவிட்டு வாயை மூடிக்கொண்டு இருந்துவிடலாம் என்று எழுந்தேன். ஆனால் குங்குமம் வைத்ததை எப்படி நெருப்பில் போடுவது. அதைவிட, சந்திரலேகா முதுகுக்குப் பின்னால் அடுக்கி இருந்த பெட்டிகள் கண்ணை விட்டுப் போகவில்லை. அதெல்லாம் ஏதோ ஒரு பள்ளிக்கூடத்துக்கோ, சர்ச்சுக்கோ, மண்டபத்துக்கோ போகும், அங்கே ஒரு மனுஷன் மூடியைத் திறந்து முகத்தைக் கிட்டே கொண்டுபோவான். அவனுக்கும் வீட்டில் ஒருத்தி இருப்பாள். நான் பேசாமல் இருந்தால் அது என் கணக்கில்தானே சேரும். பேசினால் என் கையாலேயே என் தம்பியைப் போலீஸ் ஜீப்பில் ஏற்றின மாதிரி. இந்தப் பக்கம் திரும்பினாலும் இருட்டு, அந்தப் பக்கம் திரும்பினாலும் இருட்டு. சாமி முன்னால் நின்றால் கூட என்ன கேட்பது என்று தெரியவில்லை.

நேற்று திருமஞ்சனக் கூட்டத்தில் பஸ்ஸை ஊருக்கு வெளியிலேயே நிறுத்திவிட, அங்கிருந்து மாமா வெயிலில் நடந்தே வந்து சேர்ந்தான். கையில் ஒரு பெட்டி. எங்கெங்கேயோ சொல்லி வைத்து வாங்கினானாம், நம் மாடலுக்கே லேம்ப், கட்டு பிரிக்காத புதுசு. மாமா, இது நெசமாவே ஒரிஜினல், நம்பரு வரைக்கும் சரி பாத்துட்டேன், பயமே வேணாம், நம்ம வீட்டுக்குப் போயி டூப்ளிகேட்டு குடுப்பனா என்று அப்பா மடியில் வைத்தான். பிள்ளை மாதிரி சிரிக்கிறான். எனக்கு அந்த ஒரு சொல் போதுமாக இருந்தது. எது அசல், எது போலி என்று அவனுக்குத் தெரிந்துதான் இருக்கிறது. தெரியாமல் செய்கிறான் பாவம் என்று இத்தனை நாளும் மனசின் மூலையில் ஒரு சமாதானம் வைத்திருந்தேன், அதையும் நேற்று அவனே எடுத்துக்கொண்டான். தன் வீட்டுக்கு அசல் வாங்குகிறான், ஊராருக்குப் போலி விற்கிறான். அக்கா, எடுத்துப் பொட்டு வையி, இனிமே ஒண்ணும் ஆவாது என்றான். நான் உள்ளே போய்ச் சாமி மாடத்தின் முன்னால் நின்றேன், குங்குமக் கிண்ணத்தை எடுத்தேன், கையை விட்டேன், விரல் வரவில்லை. வெளியே வந்து, குங்குமம் தீந்துபோச்சிடா என்றேன். அப்பா தம் ஒற்றைக் கண்ணால் என்னை நிமிர்ந்து பார்த்தார். இதுக்கென்ன அக்கா, நாளைக்கு வரும்போது கோயில்ல வாங்கியாறேன் என்று சொல்லிவிட்டுப் போனான். கிண்ணம் நிறையக் குங்குமம் இருந்தது இளவரசு.

இன்றைக்கு அவன் குங்குமத்தோடு வருவான். அதற்குள் இதை முடித்து ஜான்சியிடம் கொடுக்க வேண்டும். பழைய பெட்டியை எரிக்கவில்லை. மூடியை மட்டும் கத்தரித்து இந்தக் கவருக்குள் வைத்திருக்கிறேன், மூன்று பொட்டும் அதில் இருக்கிறது, உன் கண்ணாலேயே பார்த்துக்கொள். அப்பாவுக்குத் தெரியாது. இதை வைத்துக்கொண்டு நீ என்ன செய்வாய் என்று நான் கேட்க மாட்டேன், இதைச் செய், அதைச் செய்யாதே என்று சொல்லும் தைரியமும் என்னிடம் இல்லை. என் வீட்டில் வைத்திருந்தால் என்றைக்காவது ஒருநாள் நானே எரித்துவிடுவேன், அதற்குப் பயந்துதான் உன்னிடம் அனுப்புகிறேன்.

வேளைக்குச் சாப்பிடு. மத்தியான வெயிலில் வேலைத்தளத்தில் தலைக்குத் துண்டு கட்டாமல் நிற்காதே. ஜான்சியிடம் கொஞ்சம் எள்ளுப்பொடியும் கருவாடும் கொடுத்திருக்கிறேன், கருவாட்டைத் தனியாகக் கட்டி வை. தீபாவளிக்கு டிக்கெட் போட்டுவிடு, உன் அப்பா உன்னை முழுசாகப் பார்க்க ஒரு கண் இன்னும் இருக்கிறது. எந்தக் கண்ணேறும் அண்டாமல், யார் சாபமும் தொடாமல் நீ நீடூழி வாழ வேண்டும் என்று உன்னைப் பெற்ற வயிறு வாழ்த்துகிறது. அடுத்த தரம் போன் போடும்போது மாமா எடுத்தால், எப்போதும் போல் எப்படியிருக்கீங்க மாமா என்று கேள். அவன் உன் குரலுக்காகக் காத்திருப்பான்.

இப்படிக்கு
உன் அம்மா
கொளஞ்சியம்மாள் தங்கராசு